முதலில் திருத்தம், பிறகு செய்தி

எங்கள் பள்ளியில் திங்கட்கிழமை காலை வழிபாட்டுக் கூட்டத்தில் வாரச் செய்தி வாசிப்பது வழக்கம். மற்றப் பள்ளிகளிலும் வாசிப்பார்கள். எங்களிடம் மட்டும் செய்திக்கு முன்னால் திருத்தம் வாசிக்கப்பட்டது. "சென்ற வாரம் நாங்கள் தப்பாகச் சொன்னவை" என்று தொடங்கி, ஒரு பிள்ளை மைக் முன்னால் நின்றுகொண்டு ஆசிரியர்களின் தவறுகளைக் கணீரென்று படிக்கும். எங்கள் பிள்ளைகள் வேறு எதற்கும் அவ்வளவு அமைதியாக நின்று நான் பார்த்ததில்லை. மாவட்ட அதிகாரி வந்தபோதுகூடப் பின்வரிசையில் பேச்சு இருந்தது.

அந்த வழக்கத்தைக் கொண்டுவந்தவர் தையல் டீச்சர். அதில் அதிக முறை வாசிக்கப்பட்டவன் நான்.

திருவெள்ளறையைத் தாண்டி, துறையூர் சாலையை விட்டு உள்ளே இறங்கினால் வரும் அரசு உயர்நிலைப் பள்ளி அது. ஆறாவதிலிருந்து பத்தாவது வரை. நான் கணக்கு வாத்தியார். ஸ்ரீரங்கத்திலிருந்து போய் வருகிறேன். தையல் டீச்சர் பகுதி நேர ஆசிரியர். வாரத்துக்கு மூன்று அரை நாள் வருவார். வீடு திருச்சி டவுனில், பெரிய கடை வீதிக்குப் பின்னால் ஏதோ ஒரு சந்தில். சத்திரம் பஸ் ஸ்டாண்டில் அவர் ஏறும் பஸ்ஸில் நான் டோல்கேட்டில் ஏறுவேன். ஏறும்போதே அவர் எங்கே உட்கார்ந்திருக்கிறார் என்று பார்த்துக்கொண்டு, அதற்கு எதிர்ப்பக்கமாக நகர்வேன். காரணம் போகப் போகத் தெரியும்.

ஆள் குள்ளம். தலையில் முக்காடு, கழுத்தில் இன்ச் டேப். பஸ்ஸில்கூட அந்த டேப்பைக் கழற்ற மாட்டார். வேலை நேரத்தில் உதடுகளுக்கு இடையில் இரண்டு குண்டூசி இருக்கும், அதோடுதான் பேசுவார். வாயில் குண்டூசி வைத்திருப்பவரை எதிர்த்துப் பேச முடியாது. கோபத்தில் அவர் வேகமாகப் பேசி, அது உள்ளே போய்விட்டால் பழி நம் மேல் விழும்.

வாரச் செய்தி என் தலையில் விழுந்தது இப்படித்தான். வாராவாரம் பள்ளியில் நடப்பதை ஒரு பக்கம் எழுதி வெளியிட வேண்டும் என்று ஒரு சுற்றறிக்கை வந்தது. தலைமை ஆசிரியை அதை என்னிடம் நீட்டினார். "சார், நீங்கதான் எப்பப் பாத்தாலும் பேசிக்கிட்டே இருக்கீங்க. அத எழுத்துல குடுங்க."

எனக்கு உள்ளங்கை வேர்த்தது. பயம் வந்தால் மற்றவர்களுக்கு நாக்கு ஒட்டிக்கொள்ளும், எனக்கு அவிழ்ந்துகொள்ளும். "மேடம், நம்ம ஸ்கூல்ல வாரத்துக்கு நடக்குறது ரெண்டே விஷயம். மணி அடிக்குது, சாப்பாடு போடுறாங்க. முக்கியமான செய்தி வேணும்னா என்னிக்காவது மணி லேட்டா அடிச்சாத்தான் உண்டு" என்றேன். அவர் சிரிக்கவில்லை. "உதவிக்குத் தையல் டீச்சர வச்சுக்குங்க" என்றார். உதவிதானே என்று நானும் தலையாட்டினேன்.

ஒரு பக்கத்தை மண்ணச்சநல்லூரில் ஜெராக்ஸ் எடுத்து மூன்று இடத்தில் ஒட்டுவோம். பள்ளிப் பலகை, பஸ் நிறுத்தத்து டீக்கடை, பால் சொசைட்டி. அதையே போட்டோ எடுத்துப் பெற்றோர் வாட்ஸ்அப் குழுவிலும் போட்டுவிடுவோம். முதல் இதழில் 'பள்ளி வளாகத்தில் நூறு மரக்கன்றுகள் நடப்பட்டன' என்று எழுதினேன். எனக்கே பிடித்திருந்தது. மறுநாள் தையல் டீச்சர் என் மேஜைக்கு வந்தார்.

"சார், எண்ணிப் பாத்தீங்களா?"

"நூறுங்கிறது ஒரு இதுக்குச் சொல்றது டீச்சர்."

"எதுக்கு?"

"ஒரு... இதுக்கு."

"நான் போய் எண்ணினேன். இருபத்தேழு. அதுல மூணு முன்னாடியே இருந்த வேப்பங்கன்னு. சுத்தி மண்ணக் கிளறி விட்டிருக்கீங்க."

அடுத்த திங்கட்கிழமை ஆறாம் வகுப்புச் சிறுமி ஒருத்தி மைக் உயரம் எட்டாமல் எக்கி நின்று வாசித்தாள்: "நூறு மரக்கன்றுகள் என்றது தவறு. இருபத்து நான்கு. எழுதியவர், கணித ஆசிரியர்." அன்றிலிருந்து பலகையில் நான் எந்த எண்ணை எழுதினாலும், பின்பெஞ்சிலிருந்து "சார், எண்ணிப் பாத்தீங்களா?" என்று ஒரு குரல் வரும். அதற்கு முன்னால் எனக்கு அந்த வகுப்பில் கொஞ்சம் மரியாதை இருந்தது. இதுவும் உத்தேசமாகச் சொல்வதுதான், எண்ணிப் பார்க்கவில்லை.

அவருடைய சட்டம் ஒன்றே ஒன்று. தப்பு எந்த வழியாகப் போனதோ, திருத்தமும் அதே வழியாகப் போக வேண்டும். டீக்கடையில் ஒட்டிய தப்புக்கு டீக்கடையில் ஒட்ட வேண்டும். மைக்கில் சொன்னதை மைக்கில் சொல்ல வேண்டும். அதே அளவு எழுத்தில், மேலே, செய்திக்கு முன்னால். ஆபீஸ் கோப்பில் திருத்தத் தாளைத் தப்பு வந்த தாளோடு சேர்த்து வைத்து, ஓரத்தில் சிவப்பு நூலால் தைத்துவிடுவார். ஒன்றைப் புரட்டினால் இன்னொன்றும் கூடவே வரும். "ஸ்டாப்ளர் இருக்கே டீச்சர்" என்றேன் ஒருநாள். "அது துருப்பிடிச்சு ஒருநாள் கழண்டுக்கும் சார்" என்றார்.

இன்னொன்றும் அடிக்கடி சொல்வார். "தப்பாப் போன தையல் மேலயே இன்னொரு தையல் அடிச்சா துணி தடிச்சுப் போயிடும். பிரிச்சிட்டுத்தான் அடிக்கணும்."

பள்ளியில் அவரைப் பிடிக்காதவர்கள் இருந்தார்கள். மற்றவர்கள் தப்பைத் தோண்டுகிறவர் என்று மட்டும் இருந்திருந்தால் நானும் அந்தக் கட்சியில் சேர்ந்து, தலைவராகவே ஆகியிருப்பேன். ஊசி விஷயம் அதைக் கெடுத்துவிட்டது.

ஏழாம் வகுப்பில் ஒரு பையனைப் பார்த்து, "பெரிய ஊசிய நீதான எடுத்த?" என்று கேட்டுவிட்டார். அவன் இல்லை என்றான். அரை மணி கழித்து ஊசி அவருடைய முக்காட்டிலேயே குத்தியிருந்தது தெரிந்தது. நானாக இருந்தால், "சரி சரி, எல்லாரும் ஜாக்கிரதையா இருங்க" என்று பொதுவாக அறிவுரை சொல்லி முடித்திருப்பேன். அவர் அந்த வகுப்புக்குத் திரும்பிப் போனார். "ஊசி எங்கிட்டதான் இருந்துச்சு. இவன் எடுக்கல. நான் சொன்னது தப்பு" என்றார். அதோடு விட்டாரா? முதலில் கேட்டபோது எட்டாம் வகுப்புப் பெண்கள் இரண்டு பேர் வராண்டாவில் போனார்களாம். அவர்களைத் தேடிப் பிடித்துச் சொன்னார். அவர்களில் ஒருத்தி சாப்பாட்டு வரிசையில் தன் தங்கையிடம் சொல்லியிருந்தாள். தங்கையிடமும் சொன்னார். கடைசியில் சத்துணவு சமைக்கும் அம்மா வரை போய்விட்டு, மூச்சு வாங்க ஆசிரியர் அறைக்கு வந்து உட்கார்ந்தார்.

"டீச்சர், ஒரு ஊசிக்கு இவ்வளவா?"

"ஊசிக்கு இல்ல சார். அவன் வீட்டுக்குப் போய்ச் சேர்றதுக்குள்ள முடிக்கணும்."

எனக்கு அவர் மேல் மரியாதையும், அவர் பக்கத்தில் உட்கார்ந்து டிபன் பாக்ஸைத் திறக்கப் பயமும் ஒரே நாளில் வந்தன.

எங்கள் தொழிலில் ஒரு ரகசியம் உண்டு. சொன்னால் சங்கத்தில் அடிப்பார்கள், ஆனாலும் சொல்கிறேன். பள்ளி நிகழ்ச்சிகளின் அறிக்கை, நிகழ்ச்சிக்கு முதல் நாளே எழுதப்பட்டுவிடும். சிறப்பு விருந்தினர் காரிலிருந்து இறங்கும்போதே, அவர் ஆற்றிய எழுச்சியுரை என் பையில் மடித்து இருக்கும். 'மாணவர்கள் ஆர்வத்துடன் பங்கேற்றனர்' என்று எழுதிவிட்டுத்தான் மாணவர்களைக் கூப்பிடவே போவோம். அறிக்கையை உடனே அனுப்பு, உடனே அனுப்பு என்று போன் வந்துகொண்டே இருக்கும்போது வேறு என்ன செய்வது? தையல் டீச்சருக்கு மட்டும் இது ஒத்துவராது. "நாளைக்கு நடக்கப் போறதுக்கு இன்ஷா அல்லாஹ்னு சொல்லலாம் சார். நடைபெற்றதுன்னு சொல்ல நாம யாரு?" என்பார்.

அவர் அக்கா மகளின் நிக்காஹ் வந்தது. ஒரு வாரம் லீவு. அந்த வாரம்தான் குறுவட்ட விளையாட்டுப் போட்டி.

குறுவட்டம் என்றால் சுற்றுவட்டாரப் பள்ளிகள் எல்லாம் ஒரே மைதானத்தில் மோதிக்கொள்வது. முதல் இரண்டு இடம் பிடிப்பவர்கள் மாவட்டப் போட்டிக்குப் போவார்கள். எங்கள் பத்தாம் வகுப்பில் ஒரு பெண் நானூறு மீட்டர் ஓடுவாள். எங்கள் மைதானத்தில் அவளுக்கு இணையாக ஓடியது ஒரே ஒரு நாய்தான், அதுவும் பாதியில் நின்றுவிடும். அவளுடைய அப்பா வாழை போடுகிறவர். பத்தாவதோடு பெண்ணை நிறுத்திவிடுவதாக ஏற்கெனவே தலைமை ஆசிரியையிடம் சொல்லியிருந்தார். பொன்மலையில் ரயில்வே ஒர்க்‌ஷாப்பில் வேலை பார்க்கும் தாய்மாமன், தன் வீட்டில் வைத்துப் பதினொன்றாவது படிக்க வைப்பதாகக் கேட்டுப் பார்த்திருக்கிறார். "ஓடி என்னத்தக் கிழிக்கப் போவுது" என்று அப்பா மறுத்துவிட்டார். அவள் படிப்பு இப்படி ஒரு நூலில் தொங்கிக்கொண்டிருந்தது.

போட்டி வெள்ளிக்கிழமை. ஜெராக்ஸ் கடைக்காரர் வெள்ளிக்கிழமை குலதெய்வம் கோயிலுக்குப் போவதாகச் சொன்னார். அதனால் வியாழக்கிழமை மாலையே எழுதினேன்: 'நானூறு மீட்டர் ஓட்டத்தில் நம் பள்ளி மாணவி முதலிடம் பெற்று மாவட்டப் போட்டிக்குத் தேர்வானார்.' அவள் பெயரைக் கொட்டை எழுத்தில் போட்டேன். பிரதி எடுத்துப் பையில் வைத்துக்கொண்டேன்.

வெள்ளிக்கிழமை மதியம், கூட்டிப் போயிருந்த உடற்கல்வி ஆசிரியருக்குப் போன் அடித்தேன். எடுக்கவில்லை. வெற்றிக் களிப்பில் இருக்கிறார் என்று முடிவு செய்து, மூன்று இடத்திலும் ஒட்டி, குழுவிலும் போட்டுவிட்டு, நாலு மணி பஸ்ஸைப் பிடித்து வீட்டுக்கு வந்துவிட்டேன்.

ஆறரை மணிக்கு அவர் கூப்பிட்டார். "சார், நான் கோ-கோவுக்கு நடுவரா நின்னுட்டேன், போன் பையில கெடந்துச்சு. நம்ம புள்ள நாலாவது சார்."

நான் என் மனைவியிடம் வரிசையாக மூன்று நகைச்சுவை சொன்னேன். அவள் தோசைக் கரண்டியோடு திரும்பிப் பார்த்தாள். "மூணாவது ஜோக்கு. என்ன பண்ணித் தொலைச்சீங்க?"

சொன்னேன்.

"போன்ல போட்டத அழிச்சிட்டு, தப்புன்னு எழுதுங்க."

அவள் சொன்னதில் பாதியைச் செய்தேன். அழித்தேன், எழுதவில்லை. சனி, ஞாயிறு முழுக்க ஒரே நினைப்பால் என்னைத் தேற்றிக்கொண்டேன்: நம் செய்தியை யார் படிக்கிறார்கள்? இத்தனை மாதத்தில் அதைப் படித்து ஒரு ஆள் ஒரு வார்த்தை சொன்னதுண்டா? அம்மா மண்டபம் படித்துறையில் உட்கார்ந்து காவிரியைப் பார்த்தபடி, என் எழுத்துக்கு வாசகர்களே இல்லாமல் இருக்க வேண்டும் என்று மனதார வேண்டிக்கொண்டேன்.

திங்கட்கிழமை பஸ்ஸை விட்டு இறங்கியதும் டீக்கடைக்காரர் கையைப் பிடித்துக்கொண்டார். "சார் வாங்க! வெள்ளிக்கிழம சாயங்காலம் அந்தப் புள்ளயோட அப்பா உங்க பேப்பரப் படிச்சிட்டு, லட்டு வாங்கியாந்து எல்லாருக்கும் குடுத்தாரு. உங்களுக்குன்னு ஒண்ணு எடுத்து வச்சேன்." வாயிலேயே திணித்துவிட்டார். "இங்க நின்னுதான் பொன்மலை மச்சானுக்குப் போன் போட்டாரு. 'சரிப்பா, பதினொண்ணாவதுக்கு உங்கிட்டயே அனுப்புறேன், ஜில்லா வரைக்கும் போற புள்ளய வீட்ல பூட்டி வச்சு என்ன பண்றது'ன்னு. எல்லாம் உங்க எழுத்தாலதான் சார்!"

லட்டு தொண்டையில் நின்றது. திரும்பினேன். லீவு முடிந்து அதே பஸ்ஸில் வந்திருந்த தையல் டீச்சர், டீக்கடைச் சுவரில் நான் ஒட்டிய தாளைப் படித்துக்கொண்டிருந்தார்.

"வெள்ளிக்கிழம கடை லீவுன்னு நான் லீவுல போறதுக்கு முன்னாடியே சொன்னாரே சார் ஜெராக்ஸ்காரரு. இத எப்ப எடுத்தீங்க?"

என் வாயில் லட்டு இருந்தது. அது ஒரு வசதி.

வழிபாட்டுக் கூட்டத்தில் அந்தச் செய்தியைத் தையல் டீச்சர் வாசிக்க விடவில்லை. அந்தப் பெண்ணும் அங்கே இல்லை. தோழிகளைக் கேட்டால், வெள்ளிக்கிழமை சாயங்காலத்திலிருந்தே காய்ச்சல் என்றார்கள். ஆசிரியர் அறையில் தையல் டீச்சர் என் எதிரே உட்கார்ந்தார். வாயில் குண்டூசி இல்லை. அது இன்னும் பயமாக இருந்தது.

"டீச்சர், யோசிச்சுப் பாருங்க" என்று ஆரம்பித்தேன். "தப்புதான். ஆனா இந்தத் தப்பால ஒரு புள்ளைக்கு நல்லது நடந்திருக்கு. அவங்கப்பா மனசு மாறியிருக்காரு. நாம வாயத் தொறந்தா பழையபடி ஆயிடும். மாவட்டப் போட்டிக்குப் போகாததுக்கு வேற காரணம் சொல்லிக்கலாம். மழை, கால் சுளுக்கு... நான் எழுதித் தரேன்."

"நல்லா எழுதுவீங்க, தெரியும்" என்றார். "அவரு யாருக்குச் சரின்னு சொன்னாரு சார்? அவரு பொண்ணுக்கா, நீங்க எழுதின பொண்ணுக்கா?"

நான் மேஜை மேல் இருந்த சாக்பீஸை உருட்டினேன்.

"அதுக்குக் காய்ச்சல் இல்ல சார். தோத்துட்டு வீட்டுக்கு வந்திருக்கு. வாசல்ல அவங்கப்பா லட்டோட நிக்கிறாரு. அது எப்படி வாயத் தொறக்கும்? பொய்யச் சொன்னது நீங்க. மூணு நாளா வயித்துல வச்சுக்கிட்டுக் கெடக்குறது அது."

தாளை எடுத்து என் முன்னால் வைத்தார். நான் எழுதினேன்: 'தவிர்க்க இயலாத காரணங்களால் சென்ற இதழில் நேர்ந்த சிறு பிழைக்கு...'

"எது தவிர்க்க முடியல?"

அடித்தேன்.

"இது சிறுசா?"

'சிறு'வை அடித்தேன். இப்படியே அடித்து அடித்து, கடைசியில் நின்றது ஐந்து வரி. 'நானூறு மீட்டர் ஓட்டத்தில் நம் மாணவி முதலிடம் என்று வெளியானது தவறு. அவர் நான்காவதாக வந்தார். போட்டி நடப்பதற்கு முன்பே செய்தி எழுதப்பட்டது. எழுதியவர் கணித ஆசிரியர். மாணவி மேல் தவறு இல்லை.' கடைசி வரி அவர் சேர்த்தது.

"ஒட்டிடலாம் டீச்சர்" என்றேன், அதோடு விடுவார் என்ற நப்பாசையில்.

"மொதல்ல வீட்டுக்குப் போகணும். லட்டு அங்கேருந்துதான வந்துச்சு."

அவருக்கு மதியத்தோடு வேலை முடிந்துவிடும். அன்று எனக்காக நாலு மணிவரை உட்கார்ந்திருந்தார். வாழைத் தோப்புகளுக்கு நடுவே வரப்பில் அவர் முன்னால், நான் பின்னால். ஒரு வரப்புத் திருப்பத்தில் நின்று, "டீச்சர், எனக்கு நெஞ்சு லேசா வலிக்குது" என்றேன். "எந்தப் பக்கம்?" என்றார். வலப்பக்கத்தைக் காட்டினேன். "அங்க நெஞ்சு இல்ல, நடங்க" என்றார்.

அப்பா முகமெல்லாம் சிரிப்பாக எழுந்து வந்தார். "வாங்க சார், வாங்க டீச்சர்! ஏ புள்ள, சேர எடுத்தாந்து போடு. மோர் சாப்பிடுறீங்களா?" கதவுக்குப் பின்னால் அந்தப் பெண்ணின் பாதி முகம் தெரிந்தது. நான் வாழைத்தார் பற்றி ஒரு நகைச்சுவை சொன்னேன். அவர் சிரித்தார். கணக்கு வாத்தியார் பற்றி ஒன்று சொன்னேன். சிரித்தார். மூன்றாவதற்கு வாயைத் திறந்தபோது தையல் டீச்சர், "சார், படிங்க" என்றார்.

படித்தேன். ஐந்து வரி. என் வாழ்க்கையில் நான் எழுதியதிலேயே சின்னது, படிக்க அதிக நேரம் ஆனதும் அதுதான்.

அவர் தாளை வாங்கித் தானே ஒருமுறை படித்தார். "நான் வெள்ளிக்கிழம படிச்சத நாலு தடவ படிச்சேன் சார். எம்பொண்ணு பேரு அச்சுல வந்தது அதான் மொத தடவ." பிறகு, "ஓட்டத்த நீங்க பாக்கவே இல்லியா?" என்றார்.

"இல்லீங்க."

"அப்ப யாருதான் பாத்தது?"

நான் ஏதாவது சொல்லியிருக்க வேண்டும். எனக்குப் பயத்தில் நகைச்சுவை வராமல் போனது அன்று ஒருநாள்தான்.

"நான் ஓடினேம்ப்பா" என்று கதவுப் பக்கமிருந்து குரல் வந்தது. "மொத ரவுண்டு முடிய ரெண்டாவதா இருந்தேன். ரெண்டாவது ரவுண்டுல, வளைவுல மண்ணு வழுக்கிருச்சு. விழல. ஆனா அதுக்குள்ள ரெண்டு பேரு தாண்டிட்டாங்க. கடைசில ஒருத்தியப் புடிக்கப் பாத்தேன். ஒரு கை தூரம் இருக்கையில கயிறு வந்திருச்சு."

"இதச் சொல்லாமத்தான் மூணு நாளாச் சோறு திங்காமக் கெடந்தியா?"

"நீங்க லட்டு வாங்கியிருந்தீங்க."

அவர் வாழை மரங்கள் பக்கம் திரும்பிக்கொண்டார். அந்தப் பெண் இப்போது கதவை விட்டு முழுதாக வெளியே வந்திருந்தாள். கண் வீங்கியிருந்தது. தையல் டீச்சர் அவளைப் பார்க்காமல் தரையைப் பார்த்தார். பிறகு அப்பா போனை எடுத்து, ஸ்பீக்கரில் போட்டு, பொன்மலைக்கு அடித்தார்.

"மச்சான், புள்ள மொத வரலியாம். நாலாவதாம். வாத்தியாரு முன்னாடியே எழுதிப்புட்டாராம். இங்கதான் நிக்கிறாரு."

"ஐயையோ! நான் ஷிப்ட்டு பூரா சொல்லிட்டேனே மச்சான்! ஆளுக்கொரு டீ வேற வாங்கிக் குடுத்தேன்."

தையல் டீச்சர் போனை நோக்கிக் குனிந்தார். "அவங்ககிட்டயும் நாலாவதுன்னு சொல்லிருங்க தம்பி."

"யாரு மச்சான் அது?"

"தையல் டீச்சரு. சொல்றதச் செய்யி."

மாமன் கேட்டார்: "அப்ப... புள்ள இங்க வரலியா மச்சான்?"

என் உள்ளங்கை ஈரத்தைப் பேன்ட்டில் துடைத்தேன். அந்தப் பெண் போனுக்கு ஒரு அடி நெருங்கினாள்.

"ஏன் வராது?" என்றார் அப்பா. "அவரு எழுதினதுலதான் தப்பு. நான் சொன்னதுல தப்பு ஒண்ணும் இல்லியே. இத்தன நாளு இது எப்படி ஓடுதுன்னு நானும்தான் போய்ப் பாத்ததில்ல. வளைவுல வழுக்கிச்சுங்குது. அங்க நல்ல தரையாப் பாத்து ஓட விடு. படிப்பையும் பாத்துக்க."

தையல் டீச்சர் சட்டென்று பையிலிருந்து நோட்டையும் பேனாவையும் எடுத்தார். முகம் மலர்ந்திருந்தது. "மாஷா அல்லாஹ்! இத இந்த வாரச் செய்தியில போட்டுக்கலாமாங்க? பதினொன்றாம் வகுப்புக்குப் பொன்மலை செல்கிறார்னு?"

"வேணாங்க டீச்சர்" என்றார் அப்பா. "ஜூன்ல சேரட்டும். அப்புறம் போடுங்க."

டீச்சரின் பேனா தாளுக்கு மேலே நின்றது. மகிழ்ச்சியில் அவருக்கே தன் சட்டம் மறந்துபோயிருந்தது. "ஆமாங்க" என்று மெதுவாகச் சொல்லி மூடியைப் போட்டார்.

திரும்பும்போது வரப்பில் சற்று தூரம் முன்னால் நடந்தார். பிறகு நின்றார். "சார், இப்ப நான் கேட்டது தப்பு."

"நான் யாருகிட்டயும் சொல்ல மாட்டேன் டீச்சர்."

"அதுக்கில்ல. உங்க முன்னாடி கேட்டேன். அதான் உங்ககிட்டச் சொல்றேன்."

டீக்கடையில் ஒட்டினோம். பால் சொசைட்டியில் ஒட்டினோம். பள்ளிப் பலகையிலும் ஒட்டி, வாட்ஸ்அப் குழுவிலும் போட்டோம். அடுத்த திங்கட்கிழமை அதை வாசிக்க வேறு பிள்ளை வேண்டாம், தானே வாசிப்பதாக அந்தப் பெண் வந்து கேட்டாள். 'எழுதியவர் கணித ஆசிரியர்' என்ற இடத்தில் மட்டும் நிறுத்தி, என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டு மேலே படித்தாள். பள்ளியே சிரித்தது. நானும் சிரித்தேன். வேறு வழி?

மே மாத இறுதியில் தையல் டீச்சர் மாறுதலில் போய்விட்டார். மணப்பாறைப் பக்கம் ஏதோ ஒரு பள்ளி. போகும்போது சிவப்பு நூல்கண்டையும் கோப்பையும் என் மேஜையில் வைத்தார். புத்திமதி எதுவும் சொல்லவில்லை.

ஜூனில் பள்ளி திறந்த அன்று அரை நாள் விடுப்பு எடுத்துக்கொண்டு பொன்மலைக்குப் போனேன். மேல்நிலைப் பள்ளி வாசலுக்கு எதிரே ஒரு மரத்தடியில் நின்றேன். நாற்பத்தெட்டு வயது ஆள் ஒருவன் பள்ளி வாசலில் காரணமில்லாமல் நின்றால் என்ன ஆகுமோ அது ஆயிற்று. வாட்ச்மேன் மூன்று முறை வந்து விசாரித்தார். "செய்தி சேகரிக்கிறேன்" என்றேன். "எந்தப் பத்திரிகை?" என்றார். வேர்த்துக் கொட்டியது.

ஒன்பது மணிக்கு முன்னால் மாமனின் சைக்கிளில் அவள் வந்து இறங்கினாள். புதுச் சீருடை, புதுப் பை. என்னைக் கவனிக்கவில்லை. மாமன் ஷிப்ட்டுக்கு நேரமாகி அவசரமாகத் திரும்பினார். அவள் கேட் வரை நடந்து போய், ரிப்பனைச் சரிசெய்துகொண்டு அங்கேயே நின்றாள். எனக்கு டோல்கேட் பஸ்ஸுக்கு நேரமாகிக்கொண்டிருந்தது. பார்த்தாயிற்று, போதும் என்று இரண்டடி நகர்ந்தேன். கேட் வரை வந்ததைத்தானே பார்த்திருக்கிறேன்? அவள் உள்ளே போகும்வரை நின்றேன்.